தண்ணீர் மட்டத்துக்கு மேலே எது இருக்க வேண்டும்?

பூண்டி ஏரியிலிருந்து உபரி நீர் திறக்கும்போதெல்லாம் வெள்ள அபாய எச்சரிக்கை ஒன்று வெளியாகும். அதில் ஊர்களின் பெயர்கள் ஆறு ஓடும் வரிசையிலேயே இருக்கும். ஒதப்பை, மெய்யூர், தாமரைப்பாக்கம், சீமாவரம், வெள்ளிவாயல்சாவடி, நாப்பாளையம், இடையன்சாவடி, மணலி புதுநகர் என்று கொசஸ்தலை ஆற்றோடு இறங்கி வரும் அந்தப் பட்டியல், சடையங்குப்பத்தையும் எண்ணூரையும் ஒட்டி முடியும். புழல் ஏரியைத் திறந்தால் வேறொரு பட்டியல் வரும். நாரவாரிக்குப்பம், வடகரை, கிராண்ட் லைன், வடபெரும்பாக்கம், மணலி என்று போகும் அதன் கடைசிப் பெயரும் சடையங்குப்பம்தான். இரண்டு ஏரிகளின் உபரி நீரும் எண்ணூர் முகத்துவாரம் வழியாகக் கடலுக்குப் போயாக வேண்டும். அதற்குச் சற்று முன்னால், மணலியின் ஆலைகளுக்கும் கழிமுகத்துக்கும் நடுவில், தாழ்வான தரையில் இந்த ஊர் இருக்கிறது. கடலில் ஏற்றம் இருக்கும் நேரத்தில் வெள்ளம் வந்து சேர்ந்தால் வடிவதற்கும் வழி குறைவு. ஆனாலும் மேல்நிலத்தில் திறந்த நீர் இங்கே வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அந்தச் சில மணி நேரத்தில் ஒவ்வொரு வீடும் ஒரு முடிவை எடுக்கிறது. எதை மேலே ஏற்றுவது, எதைக் கையில் எடுத்துக்கொண்டு வெளியேறுவது, எதை விட்டுவிடுவது என்ற முடிவு அது. வீட்டில் சேரும் பொருள்களைப் பற்றி உளவியலும் பொருளாதாரமும் சொல்லியிருப்பவற்றை உரசிப் பார்க்க இதைவிடக் கடுமையான இடம் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

பொருள்களைக் குறைக்கச் சொல்லும் இன்றைய பிரபல நூல்கள் வேறொரு உலகத்திலிருந்து பேசுகின்றன. ஜப்பானின் மாரி கொண்டோ, ஒவ்வொரு பொருளாகக் கையில் எடுத்து அது மனத்தில் மகிழ்ச்சியைத் துளிர்க்கச் செய்கிறதா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னார். துளிர்க்கச் செய்யாவிட்டால் நன்றி சொல்லி அனுப்பிவிட வேண்டும். 'மினிமலிஸ்ட்ஸ்' என்ற பெயரில் எழுதும் அமெரிக்கர் இருவரின் விதி இன்னும் நேரடியானது: இருபது டாலருக்குள், இருபது நிமிடத்துக்குள் மறுபடி வாங்கிவிட முடிகிற எதையும் 'எப்போதாவது உதவும்' என்று வைத்திருக்காதே. இரண்டு அறிவுரைகளும் சொல்லாமல் நம்பியிருப்பது ஒன்றைத்தான். தேவைப்படும் அன்று கடை திறந்திருக்கும், கையில் பணமும் இருக்கும். தினக்கூலியிலும் ஒப்பந்த வேலையிலும் ஓடும் குடும்பத்துக்கு இந்த நம்பிக்கை சாதாரண நாளிலேயே பொருந்துவதில்லை. தெருவில் இடுப்பளவுத் தண்ணீர் நிற்கும் வாரத்தில் பொருந்தவே பொருந்தாது. ஆனால் இருபது டாலர் விதிக்குள் ஒரு நல்ல கருத்து ஒளிந்திருக்கிறது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு பொருளை வைத்துக்கொள்வதா என்பதை அதன் விலையைக் கொண்டோ அதன் மேலுள்ள ஆசையைக் கொண்டோ முடிவு செய்யாமல், அது போய்விட்டால் திரும்பப் பெற எவ்வளவு பாடு என்பதைக் கொண்டு முடிவு செய் என்று அது சொல்கிறது. எண்களைக் கழற்றிவிட்டு அந்தக் கருத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். இந்த அத்தியாயம் முன்வைக்கும் வாதம் இதுதான்: வெள்ளம் வரக்கூடிய வீட்டில் ஒரு பொருளின் இடத்தைத் தீர்மானிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, அதைத் திரும்பப் பெறும் கஷ்டம். மற்றொன்று, தண்ணீர் அதை என்ன செய்யும் என்பது. இந்த இரண்டையும் எச்சரிக்கை வந்த பிறகு யோசிக்கக் கூடாது. மழைக்காலத்துக்கு முன்பே யோசித்து முடித்திருக்க வேண்டும்.

முன்பே ஏன் என்பதற்கு மனித மனத்தின் ஒரு பழக்கம் விடை தருகிறது. 1989-ல் கனடாவில் ஜாக் நெட்ச் என்ற பொருளாதார அறிஞர் ஓர் எளிய சோதனையை வெளியிட்டார். ஒரு வகுப்பு மாணவர்களுக்கு ஆளுக்கொரு காபிக் கோப்பை கொடுத்தார். சற்று நேரம் கழித்து, விரும்பினால் அதைத் தந்துவிட்டு ஒரு பெரிய சாக்லேட் கட்டியை எடுத்துக்கொள்ளலாம் என்றார். 89 சதவீதம் பேர் கோப்பையையே வைத்துக்கொண்டார்கள். வேறொரு வகுப்புக்கு முதலில் சாக்லேட்டைக் கொடுத்துவிட்டுக் கோப்பைக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னபோது 90 சதவீதம் பேர் சாக்லேட்டை விடவில்லை. எதுவும் கையில் இல்லாமல் தேர்வு செய்யச் சொன்ன மூன்றாவது வகுப்போ ஏறக்குறைய பாதிப் பாதியாகப் பிரிந்தது. மறு ஆண்டு டேனியல் கானெமன், ரிச்சர்ட் தேலர் இருவரோடும் சேர்ந்து நெட்ச் வெளியிட்ட கோப்பைச் சோதனைகளில், கோப்பை வைத்திருந்தவர்கள் கேட்ட விலை, வாங்க வந்தவர்கள் தரத் தயாராக இருந்த விலையைப் போல ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. சில நிமிடங்கள் கையில் இருந்ததற்கே இந்தப் பிடிப்பு வந்துவிடுகிறது. பத்து வருடமாகக் கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பொருளை இழப்பாக நினைக்காமல் பார்க்க யாராலும் முடியாது. எச்சரிக்கை வந்து, நேரமும் ஆள்பலமும் குறைவாக இருக்கும்போது இந்தப் பிடிப்பு எல்லாப் பொருளையும் ஒரே அளவு அவசியமானதாகக் காட்டும். கண்ணில் படுவதும் விலை அதிகமானதும் முதலில் மேலே போகும். பீரோவின் கீழ்த்தட்டில் இருக்கும் மதிப்பெண் சான்றிதழ் கண்ணில் படாது.

இந்தப் பிடிப்பு பிறவியிலேயே மாற்ற முடியாதபடி வந்ததா என்ற கேள்விக்கும் விடை உண்டு. தான்சானியாவின் ஹட்சா வேட்டை மக்களிடம் நடந்த ஆய்வு 2014-ல் வெளியானது. சந்தையோடு தொடர்பில்லாத ஹட்சா குழுக்களிடம் கைப்பொருளின் மேல் இந்தக் கூடுதல் பிடிப்பு தென்படவில்லை. சுற்றுலாப் பயணிகளோடு வாங்கி விற்றுப் பழகிய குழுக்களிடம் தென்பட்டது. இதற்கு நேர்மாறாகத் தோன்றும் இன்னொரு முடிவும் இருக்கிறது. கொடுத்து மாற்றுவதற்காகவே வைத்திருக்கும் பொருளில் இந்தப் பிடிப்பு எழுவதில்லை என்று கானெமனும் கூட்டாளிகளும் கண்டார்கள். கடைக்காரர் தன் கடைச்சரக்கை விற்பதை இழப்பாக நினைப்பதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், பொருள் எந்தச் சூழலில் கைமாறுகிறது என்பதைப் பொறுத்தே மனம் அதை இழப்பென்றோ வரவென்றோ எண்ணுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. நம் தெருக்களுக்கு இது புதிதில்லை. பழைய துணிக்கு எவர்சில்வர் பாத்திரம், பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம், பழைய பேப்பருக்கு எடைக்கு எடை காசு என்று தலைமுறைகளாக நடந்துவந்த வியாபாரம், வீட்டில் சேர்ந்ததை வெளியேற்றுவதற்குக் கண்ட மிகத் திறமையான ஏற்பாடுகளில் ஒன்று. உடுத்திப் பழகிய புடவையைக் குப்பையில் போட மனம் வராதவர்கூடப் பாத்திரக்காரரிடம் பேரம் பேசிக் கொடுப்பார். கொடுத்ததற்கு ஈடாகக் கையில் ஒன்று வந்துவிடுகிறது. வடசென்னையின் காயலாங்கடைகள் இன்றும் இதைச் செய்கின்றன. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நூல்கள் மனவுறுதியை நம்பியிருக்கின்றன. காயலாங்கடை மனவுறுதியைக் கேட்பதில்லை.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். ஏழை வீட்டில் வேண்டாத பொருள் ஏது, இதெல்லாம் வசதி படைத்தவர்களின் கவலை அல்லவா? பாதி உண்மை இது. லாஸ் ஏஞ்சலஸில் 32 நடுத்தரக் குடும்பங்களை கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நெருங்கி ஆராய்ந்தார்கள். தங்கள் வீட்டை இறைந்து கிடப்பதாகவும் முடியாத வேலைகள் நிறைந்ததாகவும் வருணித்த பெண்களிடம், பகல் போகப் போக இறங்க வேண்டிய கார்டிசால் என்னும் மன அழுத்தச் சுரப்பு சரியாக இறங்கவில்லை என்று அதே திட்டத்தில் 2010-ல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த வீடுகளின் சிக்கல் மிகுதியால் வந்தது. சடையங்குப்பத்துச் சிறு வீட்டில் உடைந்த மின்விசிறியையும் கிழிந்த தார்ப்பாயையும் மிச்சமான பைப் துண்டையும் வைத்திருப்பதற்குக் காரணம் வேறு. நாளை என்ன தேவைப்படும் என்று தெரியாதபோது, வாங்கப் பணம் இருக்குமா என்பதும் தெரியாதபோது, பொருளை வைத்திருப்பது பணம் கட்டாத காப்பீடு. இதைப் பழக்கக் குறை என்று சொல்பவர்கள் கணக்கைச் சரியாகப் போடவில்லை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-ல் தனி நோயாக வகைப்படுத்திய பதுக்கல் நோயோடும் இதைக் குழப்பக் கூடாது. அந்த நோயில், வீட்டின் அறைகள் அவற்றின் பயனுக்கே உதவாமல் போகும் அளவுக்குப் பொருளைக் கைவிட முடியாத வேதனை இருக்கும். இங்கே இருப்பது நியாயமான முன்யோசனை. அரசு தந்த பொருள்களும் இந்தச் சேமிப்பில் சேர்ந்திருக்கின்றன. 2006-க்குப் பின் வந்த இலவச வண்ணத் தொலைக்காட்சி, 2011-க்குப் பின் வந்த மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவை தமிழ்நாட்டின் லட்சக்கணக்கான வீடுகளில் முதன்முதலாக நுழைந்த பெரிய பொருள்கள். பழுதானாலும் அவற்றை எளிதில் விட மனம் வராது.

அப்படியானால் எல்லாவற்றையும் வைத்துக்கொள்வதுதானே அறிவு? காப்பீட்டு நிறுவனங்கள் மிகவும் அஞ்சும் ஒன்றை இந்த இடத்தில் நினைவில் கொள்ள வேண்டும். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வரும் நட்டம் அது. பழைய மெத்தை, புது மெத்தை கெட்டால் உதவும் என்று வைத்திருப்பது. இரண்டும் ஒரே தரையில் கிடந்தால் ஒரே இரவில் இரண்டும் நனையும். எந்த ஆபத்துக்காகப் பொருளைச் சேர்த்தோமோ அதே ஆபத்து சேர்த்ததையும் அழித்துவிடும்போது அது காப்பீடாக இருக்க முடியாது. மேலும் அது வெறுமனே அழிந்தும் போவதில்லை. நனைந்த பஞ்சிலும் துணியிலும் பலகையிலும் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை வளரத் தொடங்கும். தண்ணீர் வடிந்ததும் வீட்டைக் காய வைக்க வேண்டிய முதல் நாட்களை இந்தக் குவியலை வெளியே இழுத்துப் போடுவதே தின்றுவிடும். மரத்தூளைப் பசையால் அழுத்திச் செய்த மலிவு அலமாரிகள் தண்ணீரில் உப்பிப் பிளந்துவிடும். அவற்றின் பசை நீரில் வலுவிழக்கும் தன்மை உடையது. எஃகு பீரோ துருப் பிடிக்கும், ஆனால் மீளும். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையின்போது இந்த வட்டாரத்துக்கு இன்னொரு பாடமும் கிடைத்தது. மணலியில் உள்ள சிபிசிஎல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையப் பகுதியிலிருந்து வெளியேறியதாக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூறிய எண்ணெய், வெள்ளத்தோடு கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. எண்ணெயும் பாலியெஸ்டர் இழையும் ஒன்றையொன்று விடாது பற்றும் இயல்புடையவை. பருத்தியில் படிந்த கறையைவிட அதை அலசி எடுப்பது கடினம். சேறு கலந்த தண்ணீரில் நனைந்த துணியைத் துவைத்து உடுத்தலாம். எண்ணெய்த் தண்ணீரில் நனைந்ததைப் பெரும்பாலும் எறியத்தான் வேண்டியிருக்கும்.

மிதப்பதைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனெனில் இது பலர் எதிர்பாராதது. நாற்பது கிலோ எடையுள்ள ஒரு குளிர்பதனப் பெட்டி, நாற்பது லிட்டர் தண்ணீரை விலக்கினால் போதும், மிதக்கத் தொடங்கிவிடும். அதன் அடிப்பரப்பைக் கணக்கிட்டால், உள்ளே நீர் புகாதவரை, தண்ணீர் ஒரு சாண் உயர்வதற்குள்ளாகவே அந்த நிலை வந்துவிடும். பிறகு அது சாய்ந்து பக்கத்தில் இருப்பவற்றின் மேல் விழும். வீட்டு எரிவாயு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயுவும் ஏறக்குறைய அதே அளவு இரும்பும் சேர்ந்து முப்பது கிலோ இருக்கும். அதன் கனஅளவோ முப்பத்து மூன்று லிட்டருக்கும் மேல். நிறைந்த சிலிண்டரும் மிதக்கும். அதனால் அடுப்பிலிருந்து கழற்றி, வால்வை மூடி, ஜன்னல் கம்பியில் கட்டிவைப்பது அவசியம். கனமானது அசையாது என்ற நினைப்பில் கீழே விடும் பொருள்கள்தான் வெள்ளத்தில் மற்றவற்றை உடைக்கின்றன.

இப்போது வீட்டின் உயரத்தைக் கணக்கில் எடுப்போம். ஒரு சிறு வீட்டில் தண்ணீர் எட்டாத இடம் என்று சொல்லத்தக்கது பரண், அலமாரியின் மேல்தட்டு, செங்கல் வைத்து உயர்த்திய கட்டில், இவ்வளவே. எல்லை உள்ள கொள்ளளவுக்குள் அதிகப் பயனை அடைப்பது எப்படி என்பதைக் கணிதத்தில் 'நாப்சாக்' சிக்கல் என்பார்கள். ஜார்ஜ் டான்ட்சிக் 1957-ல் எழுதிய கட்டுரை இதற்கு ஓர் எளிய அணுகுமுறையைக் காட்டியது. பொருள்களை மொத்த மதிப்பின்படி அடுக்காமல், ஒவ்வொன்றும் அடைக்கும் இடத்துக்கு எவ்வளவு மதிப்பு தருகிறது என்ற விகிதத்தின்படி அடுக்க வேண்டும். பொருள்களைத் துண்டாக்க முடியாதபோது இது எப்போதும் மிகச் சிறந்த விடையைத் தராது, ஆனால் வீட்டுக் கணக்குக்கு இது போதும். இந்த விகிதத்தில் பார்த்தால் ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அடங்கும் காகிதங்கள் எல்லாவற்றையும் விட மேலே வருகின்றன. அடுத்து மாத்திரை மருந்துகள், மூக்குக்கண்ணாடி, தொழில் செய்யும் கருவிகள், பிள்ளைகளின் பாடப்புத்தகங்கள். தையல் இயந்திரத்தின் தலைப்பகுதி, தச்சரின் அல்லது எலெக்ட்ரீஷியனின் கருவிப்பெட்டி போன்றவை போனால், அவற்றின் விலை மட்டுமல்ல, மறு மாதத்து வருமானமும் போகும். கிரைண்டர் இடத்தை நிறைய அடைக்கும், மதிப்பும் உண்டு, ஆனால் நீரில் மூழ்கிய மோட்டாரைக் காய வைத்துப் பழுது பார்க்க முடிவது உண்டு. பட்டியலின் அடியில் வருவது, பல வீடுகளில் இன்று பரணில் இருப்பவைதான்: ஓடாத பெட்டி டிவி, காலி அட்டைப்பெட்டிகள், எப்போதோ உடைந்த நாற்காலி. வேண்டாத பொருள் என்று எதைச் சொல்கிறோம் என்பதற்கு இந்த ஊருக்கேற்ற இலக்கணம் இதிலிருந்து கிடைக்கிறது. தண்ணீர் எட்டாத இடத்தைப் பிடித்துக்கொண்டு, அதைவிட மீட்கக் கடினமான ஒன்றைத் தரையில் இருக்க வைப்பது எதுவோ, அதுவே வேண்டாதது. பெட்டி டிவியைப் பரணிலிருந்து இறக்கினால் குப்பையோடு போடவும் கூடாது. அதன் படக்குழாய்க் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. மின்னணுக் கழிவாகத் தனியே கொடுக்க வேண்டும்.

காகிதத்துக்கு இவ்வளவு முதன்மை வேண்டுமா, எல்லாம்தான் இப்போது போனில் இருக்கிறதே என்பார்கள். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும் 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், தொலைந்த சான்றிதழ்களுக்கு மாற்றுப் பெற அரசு சிறப்பு முகாம்களை நடத்த வேண்டியிருந்தது. குடும்ப அட்டை, பட்டா, கல்விச் சான்றிதழ்கள் என அத்தனைக்கும் விண்ணப்பித்தார்கள். 2015 ஜூலையில் தொடங்கிய டிஜிலாக்கர் என்னும் அரசின் மின்னணுப் பெட்டகத்தில், துறைகளே மின்னணு வடிவில் வெளியிட்ட ஆவணங்கள் அசலுக்கு நிகரானவை என்று 2017-ல் விதி வந்துவிட்டது. நல்ல ஏற்பாடுதான், பயன்படுத்த வேண்டும். ஆனால் மின்னணு வடிவில் வெளியாகாத பழைய காகிதங்களின் படத்தை மட்டுமே அதில் ஏற்றி வைக்க முடியும். அந்தப் படம் அசலுக்கு ஈடாகாது. பழைய பத்திரம், வீட்டு ஒதுக்கீட்டு ஆணை, மருத்துவமனைக் குறிப்புகள் அப்படிப்பட்டவை. நிவாரணம் கேட்கும் வரிசையில் குடும்ப அட்டை தேவைப்படும் நாளில் மின்சாரமும் நெட்வொர்க்கும் இல்லாமல் இருக்கலாம். மிக்ஜாமுக்குப் பின் தமிழக அரசு பாதித்த குடும்பங்களுக்கு 6,000 ரூபாய் கொடுத்தது. இழந்த வீட்டுப் பொருள்களில் சிலவற்றை மட்டுமே அதைக் கொண்டு திரும்ப வாங்க முடியும். அந்தத் தொகையைப் பெறுவதற்கான ஆதாரமும் ஒரு காகிதம்தான்.

நினைவுப் பொருள்களை இந்தக் கணக்கு அவமதிக்கிறது என்ற மறுப்பை நான் மதிக்கிறேன். பாட்டியின் பித்தளைக் குடம், கல்யாணப் புடவை, பர்மாவிலிருந்து திரும்பி வந்த குடும்பங்கள் கொண்டுவந்த ஏதோ ஒரு பெட்டி, இவற்றுக்குச் சந்தை விலை அர்த்தமற்றது. ஆனால் இந்த வாதம் சந்தை விலையைக் கேட்கவே இல்லை. திரும்பப் பெற முடியுமா என்று கேட்கிறது. திரும்பப் பெறவே முடியாதவை நினைவுப் பொருள்கள்தான். அதனால் அவை பட்டியலின் மேலேயே வருகின்றன. பித்தளைக்குத் தண்ணீரால் பெரிய தீங்கு இல்லை, குடத்தைக் கட்டிவைத்துவிட்டுக் கீழேயே விடலாம். புடவைக்கும் அச்சிட்ட புகைப்படங்களுக்கும் உயரம் வேண்டும். நினைவு இருப்பது பொருளிலா, பொருள் எழுப்பும் எண்ணத்திலா என்ற கேள்விக்கு 2017-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு வழி காட்டியது. பல்கலைக்கழக விடுதிகளில் பழைய பொருள்களை நன்கொடையாகக் கேட்ட ஆய்வாளர்கள், ஒரு பகுதியினரிடம் கொடுப்பதற்கு முன் அவற்றைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அந்த விடுதிகளிலிருந்து 613 பொருள்கள் வந்தன. வெறுமனே கேட்ட விடுதிகளிலிருந்து 533. வேறுபாடு மலைக்க வைப்பதல்ல, ஆனால் திசை தெளிவாக இருக்கிறது. பிள்ளை முதன்முதலில் எழுதிய நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு மற்றப் பத்தைப் படமெடுத்துவிட்டுக் கொடுக்கலாம்.

இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. சடையங்குப்பம் தானாக மூழ்கவில்லை. எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது, முகத்துவாரத்தில் மணல் சேர்கிறது, நீர் பரவிய நிலங்களில் ஆலைகளும் கட்டுமானங்களும் வந்திருக்கின்றன. 2011-ல் ஊர் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த பிறகும், 2021 நவம்பரில் பூண்டித் தண்ணீர் மணலி புதுநகரையும் சடையங்குப்பத்தையும் சூழ்ந்தது. இத்தனையையும் விட்டுவிட்டுக் குடும்பத்தைப் பார்த்துப் பரணை ஒழுங்கு செய் என்று சொல்வது பொறுப்பை இடம் மாற்றுவதாகாதா? ஆகும், அதற்கு மேல் எதுவும் வேண்டாம் என்று சொன்னால். கழிமுகத்தைத் தூர்வாருவதற்கும் எண்ணெய்க் கசிவுக்கு இழப்பீடு கேட்பதற்கும் எந்தப் பரணும் மாற்றில்லை. ஆனால் அந்தப் போராட்டத்தில் நின்று பேச வேண்டிய மனிதர்கள் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் தங்கள் முழுச் சக்தியையும் இழந்த காகிதங்களைத் தேடுவதிலும் நனைந்த குவியலை அகற்றுவதிலும் செலவிட நேர்கிறது. அவர்களுக்கு ஒரு வாரத்தை மிச்சப்படுத்தித் தரும் எதையும் நான் சிறிதென்று நினைக்கவில்லை.

நாள்காட்டியில் ஒரு மாற்றம் இதற்கு உதவும். பழையதைக் கழிக்க நாம் வைத்திருக்கும் நாள் போகி, ஜனவரி நடுவில் வருவது. டயரையும் பிளாஸ்டிக்கையும் எரித்துப் புகை மண்டி, 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் விமானங்கள் தடைபட்டது வேறு விஷயம். சடையங்குப்பத்தைப் பொறுத்தவரை போகியின் பெரிய குறை, அது வெள்ளம் வந்து போன பிறகு வருகிறது என்பது. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். 2015 டிசம்பர், 2021 நவம்பர், 2023 டிசம்பர் என்று மூன்று வெள்ளங்களும் அதற்கும் போகிக்கும் இடையில் வந்தவை. நம்மிடம் இன்னொரு சுத்தம் செய்யும் நாளும் இருக்கிறது. ஆயுத பூஜைக்கு முன் கருவிகளைத் துடைத்து, புத்தகங்களை எடுத்து அடுக்கி, வீட்டைக் கழுவுகிறோம். 2024-ல் அது அக்டோபர் 11, 2025-ல் அக்டோபர் 1. பெரும்பாலான ஆண்டுகளில் அது மழைக்கு முன்பே வந்துவிடுகிறது. கையில் எடுக்கும் பொருள்களும் சரியானவை: தொழில் கருவியும் புத்தகமும். பரணை இறக்கி மறுபடி அடுக்கும் வேலையை அந்த வாரத்துக்கு மாற்றிக்கொண்டால், பூஜைக்கு எடுத்து வைத்த கருவிகளையும் ஏடுகளையும் விஜயதசமியன்று நேராக மேல்தட்டில் ஏற்றிவிடலாம். சென்னை மாநகராட்சி 2025 அக்டோபர் முதல், பழைய சோபா, மெத்தை, துணி போன்றவற்றைப் பதிவு செய்தால் சனிக்கிழமைகளில் வீட்டிலிருந்தே இலவசமாக எடுத்துச் செல்கிறது. சடையங்குப்பம் போன்ற ஊர்களில் அந்த வண்டி புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பதிவுக்குக் காத்திராமல் தெருத் தெருவாக வர வேண்டும். கூடவே இரும்பையும் பாத்திரத்தையும் எடை போட்டுக் காசு தரும் காயலாங்கடைக்காரரும் வந்தால், வீடுகள் தாமாகவே பொருள்களை வெளியே கொண்டுவரும்.